வெற்றிட ஆற்றல், கரும் ஆற்றல், லாம்டா: மூன்றும் ஒன்றுதானா?

அமெரிக்காவின் அரிசோனாவில் கிட் பீக் மலை மீதுள்ள தொலைநோக்கியில் டெசி என்றொரு கருவி இருக்கிறது. 2025 மார்ச்சில் அந்தக் குழு, மூன்று ஆண்டுத் தரவுகளை வைத்து ஒரு முடிவை வெளியிட்டது. பிரபஞ்சத்தை வேகவேகமாக விரியவைக்கும் கரும் ஆற்றல் காலப்போக்கில் வலுவிழந்து வருவது போலத் தெரிகிறது என்பதுதான் அதன் சாரம். உடனே ஐன்ஸ்டீன் தோற்றுவிட்டார், பிரபஞ்சம் சுருங்கப்போகிறது என்கிற தினுசில் காணொளிகள் வர ஆரம்பித்தன. அதில் பாதிப் பேர் வெற்றிட ஆற்றல், கரும் ஆற்றல், அண்டவியல் மாறிலி என்ற மூன்றையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றிப் போட்டுப் பேசுகிறார்கள். அப்படிப் பேசினால் இந்தச் செய்தியே புரியாது, ஏனென்றால் இவை மூன்றும் ஒன்றுதானா என்பதுதான் டெசி கிளப்பியிருக்கும் கேள்வி.

அதனால் அடியிலிருந்து போவோம்.

மூன்று பெயர்கள்

1. கரும் ஆற்றல். பிரபஞ்சம் விரியும் வேகம் கூடிக்கொண்டே போகிறது என்பது கண்டறியப்பட்ட விஷயம். அதற்குக் காரணமான ஏதோ ஒன்றுக்கு வைத்த பெயர் இது. திருட்டு நடந்த வீட்டில் போலீஸ் வழக்குப் பதியும்போது 'அடையாளம் தெரியாத நபர்' என்று எழுதுவார்கள் இல்லையா, அந்த மாதிரி.

2. அண்டவியல் மாறிலி, அதாவது லாம்டா. ஐன்ஸ்டீன் 1917-இல் தன் ஈர்ப்புச் சமன்பாட்டில் சேர்த்த ஒரு எண். பிரபஞ்சம் விரியாமலும் சுருங்காமலும் நிற்கிறது என்று அப்போது நினைத்தார்கள், அதை நிற்கவைக்கத்தான் இந்த எண். பிரபஞ்சம் விரிகிறது என்று லெமெய்த்ரும் ஹபிளும் காட்டிய பிறகு, 1931-இல் ஐன்ஸ்டீனே அதைக் கைவிட்டார். இது கணக்கில் ஒரு உறுப்பு, அவ்வளவுதான். அதற்குப் பின்னால் என்ன பொருள் இருக்கிறது என்று அது சொல்வதில்லை.

3. வெற்றிட ஆற்றல். ஈர்ப்போடு சம்பந்தமே இல்லாமல், குவாண்டம் இயற்பியலில் தனியாக முளைத்த கருத்து. ஒரு இடத்திலிருந்து எல்லாப் பொருளையும் ஒளியையும் வெளியேற்றிய பிறகும் மிஞ்சும் ஆற்றல்.

அடையாளம் தெரியாத நபர் வெற்றிட ஆற்றல்தான் என்பது பல ஆண்டுகளாக முதல் சந்தேகம். அங்க அடையாளங்கள் பெரும்பாலும் பொருந்துகின்றன. உயரம் மட்டும் உதைக்கிறது, அதுவும் கொஞ்சநஞ்சம் இல்லை.

காலி இடத்தில் என்ன இருக்கிறது

குவாண்டம் விதிப்படி எதுவும் அசையாமல் அப்படியே நிற்க முடியாது. ஆடிக்கொண்டிருக்கும் ஒரு ஊசலைச் சாதாரண இயற்பியலில் முழுசாக நிறுத்திவிடலாம், குவாண்டம் உலகில் ஒரு துளி அசைவு மிஞ்சியே தீரும். ஹீலியத்தைப் பாருங்கள். சாதாரண அழுத்தத்தில் அதைத் தனிப்பூச்சியத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலும் உறையாது, திரவமாகவே கிடக்கும். உறையவைக்க வேண்டுமானால் வளிமண்டல அழுத்தத்தைப் போல 25 மடங்கு கொடுத்து அமுக்க வேண்டும். வெப்பம் எல்லாம் போன பிறகும் அணுக்களில் மிஞ்சும் அந்த அடிநிலை ஆட்டம்தான் காரணம்.

புலம் என்பது இடம் முழுக்கப் பரவிக் கிடந்து, அலையாக அசையக்கூடிய ஒன்று. மின்காந்தப் புலம், எலக்ட்ரான் புலம் என்று எல்லாப் புலங்களும் இப்படிப்பட்ட ஊசல்களின் தொகுப்புதான். ஒவ்வொரு அலைநீளத்துக்கும் ஒரு ஊசல். ஒவ்வொன்றுக்கும் அந்த மிச்சம் உண்டு. எல்லாவற்றையும் கூட்டினால் வருவது வெற்றிடத்தின் ஆற்றல்.

இதற்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது காசிமிர் விளைவு. 1948-இல் டச்சு இயற்பியலாளர் ஹெண்ட்ரிக் காசிமிர் சொன்னது: மின்னூட்டம் இல்லாத இரண்டு உலோகத் தகடுகளை மிக மிக நெருக்கமாக வைத்தால் ஒன்றையொன்று ஈர்க்கும். இடைவெளிக்குள் சில அலைநீளங்கள் மட்டுமே அடங்கும், வெளியே எல்லாமே இருக்கும், அந்த வித்தியாசம் தகடுகளை நெருக்கும். 1997-இல் ஸ்டீவ் லமோரோ இதைத் துல்லியமாக அளந்தார். ஆனால் ஒன்று. இதே விசையை வெற்றிட ஆற்றல் என்ற பேச்சே எடுக்காமல், தகடுகளில் உள்ள மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையாகவும் கணக்கிட்டுவிடலாம் என்று ராபர்ட் ஜாஃபே 2005-இல் எழுதினார். அதனால் காசிமிர் விளைவை வைத்து 'வெற்றிட ஆற்றல் நிரூபிக்கப்பட்டுவிட்டது' என்பது கொஞ்சம் அவசரம்.

ஏரியும் மதகும்

அப்படி ஒரு ஆற்றல் இருந்தால் இத்தனை நாளாக நமக்கு ஏன் தட்டுப்படவில்லை?

ஏரியில் மதகு மட்டத்துக்குக் கீழே கிடக்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது. பாசனக் கணக்குப் போடுபவருக்கு மதகுக்கு மேலே எத்தனை அடி நிற்கிறது என்பது மட்டும்தான் கணக்கு. கீழே இரண்டு அடி கிடந்தாலும் இருபது அடி கிடந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஈர்ப்பைத் தவிர்த்த மற்ற எல்லா இயற்பியலும் இப்படித்தான் நடக்கிறது. மின்சாரம், வேதியியல், அணுக்கரு எல்லாவற்றிலும் இரண்டு நிலைகளுக்கு இடையிலான வித்தியாசம்தான் வேலை செய்யும். வெற்றிடம் என்பது கடைசி மட்டம், அதற்குக் கீழே இறங்க இடமில்லை. வெற்றிட ஆற்றலில் ஓடும் ஜெனரேட்டர் என்று இணையத்தில் விற்கப் பார்ப்பவர்களுக்கு இந்த ஒரு பத்தி போதும்.

ஆனால் ஏரியின் தரைக்கு அப்படி இல்லை. மதகுக்கு மேலே, கீழே என்று தரை பிரித்துப் பார்க்காது, மொத்தத் தண்ணீரின் பாரமும் அதன் மேல்தான். ஈர்ப்பு அந்தத் தரை மாதிரி. ஐன்ஸ்டீனின் பொதுச் சார்பியலில் எல்லா ஆற்றலுக்கும் ஈர்ப்பு உண்டு, வெற்றிடத்தின் ஆற்றல் உட்பட. ஆகவே காலி இடத்துக்கு உண்மையிலேயே பாரம் இருந்தால், அதைக் காட்டிக்கொடுக்கக்கூடிய ஒரே தராசு பிரபஞ்சத்தின் விரிவுதான்.

உள்ளே இழுக்கிற ஒன்று வெளியே தள்ளுவது எப்படி

பெரும்பாலான விளக்கங்கள் நழுவிப் போகிற இடம் இது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு ஊசி சிரிஞ்சை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், முனை அடைக்கப்பட்டது. உள்ளே வாயு இருந்தால் அது பிஸ்டனை வெளியே தள்ளும். தள்ளும் வேலையைச் செய்வதால் வாயு ஆற்றலை இழக்கும். இதுதான் சாதாரண அழுத்தம்.

இப்போது உள்ளே வெற்றிடம், அதற்கு வெற்றிட ஆற்றல் உண்டு. வெளியே அதுகூட இல்லாத சுத்த சூனியம் என்று வைத்துக்கொள்வோம். (வீட்டில் சிரிஞ்சை அடைத்து இழுத்தாலும் கைக்கு எதிர்ப்பு தெரியும், அது வெளியிலிருக்கும் காற்றின் வேலை. இங்கே அந்தக் காற்று கிடையாது.) பிஸ்டனை இழுக்கிறீர்கள். உள்ளே காலி இடம் கூடுகிறது. வெற்றிடம் எவ்வளவு நீட்டினாலும் அதே வெற்றிடம்தான், ஒரு கன சென்டிமீட்டருக்கு முன்பு எவ்வளவு ஆற்றலோ இப்போதும் அவ்வளவே. அப்படியென்றால் இடம் இரண்டு மடங்கானால் உள்ளேயிருக்கும் மொத்த ஆற்றலும் இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் ஆற்றலைக் கொடுத்தது யார்? உங்கள் கைதான். நீங்கள் எதையோ எதிர்த்து இழுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம், அதாவது வெற்றிடம் பிஸ்டனை ரப்பர் பேண்டு போல உள்ளே இழுக்கிறது. இதைத்தான் எதிர்மறை அழுத்தம் என்கிறார்கள். கணக்கில் அதன் அளவு ஆற்றல் அடர்த்திக்குச் சரிசமம், குறி மட்டும் கழித்தல். இந்த விகிதத்தை −1 என்று எழுதுவார்கள். இந்த −1-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், டெசி செய்தி முழுக்க இதைச் சுற்றித்தான்.

சரி, உள்ளே இழுக்கிற ஒன்று பிரபஞ்சத்தை எப்படி விரியவைக்கும்? இரண்டு படியில் பார்க்கலாம்:

1. அழுத்தம் ஒன்றைத் தள்ளவோ இழுக்கவோ வேண்டுமானால் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அழுத்த வித்தியாசம் இருக்க வேண்டும். பிரபஞ்சத்தில் வெற்றிடம் எங்கும் ஒரே மாதிரி, வெளிப்பக்கம் என்று ஒன்று கிடையாது. அதனால் அந்த ரப்பர் இழுப்பு எதையும் அசைக்காது.

2. மிச்சம் இருப்பது ஈர்ப்பு. நியூட்டனுக்கு ஈர்ப்பு நிறையிலிருந்து மட்டும் வரும். ஐன்ஸ்டீனுக்கு அழுத்தத்திலிருந்தும் வரும், அதுவும் மூன்று திசைக்கும் சேர்த்து மூன்று மடங்காக. எனவே மொத்த ஈர்ப்பு: ஆற்றல் அடர்த்தி ஒரு பங்கு, அதோடு மூன்று பங்கு அழுத்தம். வெற்றிடத்துக்கு 1 − 3 = −2. குறி திரும்பிவிட்டது. இழுக்க வேண்டிய ஈர்ப்பு விலக்குகிறது.

பிரபஞ்சத்தைத் தள்ளுவது அழுத்தம் நேரடியாகக் கொடுக்கும் விசையல்ல, அழுத்தத்தின் ஈர்ப்பு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

அப்படியானால் புதிதாகப் பிறக்கும் இடத்துக்கெல்லாம் ஆற்றல் எங்கிருந்து வருகிறது, ஆற்றல் அழிவின்மை விதி என்ன ஆனது? அந்த விதி, இயற்கையின் களம் நேரத்தைப் பொறுத்து மாறாமல் இருக்கும்போதுதான் செல்லும். விரியும் பிரபஞ்சத்தில் களமே மாறிக்கொண்டிருக்கிறது, முழுப் பிரபஞ்சத்துக்கும் சேர்த்து 'மொத்த ஆற்றல் இவ்வளவு' என்று போட ஒரு கணக்கே கிடையாது. சிறிய இடங்களில், ஆய்வகத்தில், விதி அப்படியே இருக்கிறது.

நீர்த்துப்போகாத சரக்கு

குழம்பில் தண்ணீர் ஊற்றினால் உப்பு குறையும். ஊற்றுகிற தண்ணீரிலேயே அதே அளவு உப்பு இருந்தால்? எவ்வளவு ஊற்றினாலும் உப்பு மாறாது, மற்ற சரக்கெல்லாம் நீர்த்துப்போய்க் கடைசியில் நாக்கில் உப்பு மட்டும்தான் நிற்கும்.

பிரபஞ்சத்தின் நீள அகலங்கள் இரண்டு மடங்கானால் பொருளின் அடர்த்தி எட்டில் ஒன்றாகிறது. ஒளியின் ஆற்றல் அடர்த்தி பதினாறில் ஒன்று, ஏனென்றால் அலைநீளமும் சேர்ந்து நீள்கிறது. வெற்றிடம் மட்டும் அப்படியே. ஆரம்பத்தில் பொருளின் ஈர்ப்புதான் ஓங்கியிருந்தது, விரிவு மெல்ல வேகம் குறைந்துகொண்டே வந்தது. சுமார் 500–600 கோடி ஆண்டுகளுக்கு முன்பு பொருள் போதுமான அளவு நீர்த்துப்போக, தராசு மறுபக்கம் சாய்ந்தது, விரிவு வேகமெடுத்தது.

இப்போதைய அளவு என்ன? பிளாங்க் செயற்கைக்கோள் கணக்குப்படி பிரபஞ்சத்தின் ஆற்றலில் சுமார் 68 சதவீதம் கரும் ஆற்றல், 27 சதவீதம் கரும்பொருள் (கண்ணுக்குத் தெரியாமல் ஈர்ப்பால் மட்டும் தன்னைக் காட்டும் பொருள்), நீங்களும் நானும் விண்மீன்களும் சேர்ந்த சாதாரணப் பொருள் வெறும் 5 சதவீதம். 68 என்றதும் ஏதோ பெரிய சக்தி என்று தோன்றும். பூமி அளவுக்குக் காலி இடத்தை எடுத்துக்கொண்டால் அதிலுள்ள கரும் ஆற்றல் மொத்தமும் சுமார் 6 மில்லிகிராம் நிறைக்குச் சமம், ஒரு அரிசியை நான்காக உடைத்தால் ஒரு துண்டு. சூரியனை நடுவில் வைத்துப் பூமியின் சுற்றுப்பாதை வரை ஒரு உருண்டை போட்டால் அதற்குள் சுமார் 80 ஆயிரம் டன், சூரியனின் நிறையோ 2-க்குப் பின்னால் 27 சுழியம் போட்ட டன். அதனால்தான் சூரியக் குடும்பமோ நம் பால்வெளியோ விரிவதில்லை. காலி இடம் கோடிக்கணக்கான ஒளியாண்டு பரந்து கிடக்கும் இடங்களில் மட்டும்தான் இந்த அரிசி நொய் ஜெயிக்கிறது.

1998-இல் என்ன பார்த்தார்கள்

சால் பெர்ல்மட்டர் தலைமையில் ஒரு குழு, பிரையன் ஷ்மிட், ஆடம் ரீஸ் இருந்த இன்னொரு குழு. இரண்டும் தனித்தனியாக, தொலைதூரத்தில் வெடிக்கும் ஒன்று-ஏ வகை சூப்பர்நோவாக்களைத் தேடின. வெண்குறுமீன் எனப்படும் செத்த விண்மீன், துணை விண்மீனிடமிருந்து சரக்கை வாங்கிப் பெருத்து, சூரியனைப் போல 1.4 மடங்கு நிறையை நெருங்கும்போது வெடிக்கிறது என்பது பாடப்புத்தக விளக்கம். அந்த 1.4 என்ற வரம்பு, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து முடித்து 1930-இல் கப்பலில் இங்கிலாந்து போன சுப்பிரமணியன் சந்திரசேகர் கண்ட கணக்கு. எல்லா வெடிப்பும் அந்த வரம்பைத் தொட்டுத்தான் நடக்கிறது என்று இன்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. எல்லாம் ஒரே பிரகாசமும் கிடையாது. பிரகாசமானவை மெதுவாக மங்கும், அந்த மங்கும் வேகத்தை வைத்துத் திருத்திக்கொண்டால் நல்ல தூர அளவுகோல் கிடைக்கும்.

அளந்தபோது, இருக்க வேண்டியதைவிட 20–25 சதவீதம் மங்கலாக இருந்தன, அதாவது எதிர்பார்த்ததைவிடத் தொலைவில் இருந்தன. விரிவு வேகம் குறைந்துகொண்டே வந்திருந்தால் இது நடக்காது. மூவருக்கும் 2011-இல் நோபல். லாம்டா தூசு தட்டி எடுக்கப்பட்டது, விகிதம் −1-ஐ ஒட்டி அமைந்தது. வெற்றிட ஆற்றல்தான் என்று பலரும் கிட்டத்தட்ட முடிவுகட்டினார்கள்.

உயரம் உதைக்கிற கதை

இப்போது குவாண்டம் பக்கம் போய், வெற்றிட ஆற்றல் எவ்வளவு இருக்க வேண்டும் என்று கேட்டால்? அலைநீளம் குறையக் குறைய ஊசல்கள் கூடிக்கொண்டே போகும், கூட்டுத்தொகை முடிவிலிக்கு ஓடும். எங்கேயாவது வெட்ட வேண்டும். ஈர்ப்பும் குவாண்டமும் மோதும் பிளாங்க் நீளத்தில் வெட்டினால் வரும் விடை, அளந்த மதிப்பைப் போல 1-க்குப் பின் சுமார் 120 சுழியம் போட்ட மடங்கு. காணக்கூடிய பிரபஞ்சத்தில் இருக்கும் அணுக்களை எண்ணினாலே சுமார் 80 சுழியம்தான்.

'இயற்பியலின் மகா மோசமான கணிப்பு' என்று இதைச் சொல்வது வழக்கம். எனக்கு அது கொஞ்சம் அநியாயமாகப் படுகிறது. எங்கே வெட்டுவது என்பதே நம் யூகம், வேறு முறையில் கணக்கிட்டால் சுழியங்கள் 50 சொச்சத்துக்கு இறங்கும். அதற்காக நிம்மதியடையவும் வழியில்லை. நன்றாகத் தெரிந்த துகள்களை மட்டும் வைத்துப் போட்டாலும் விடை பயங்கரமாகத்தான் இருக்கிறது. வோல்ஃப்காங் பௌலி இளமையில் எலக்ட்ரான் அளவில் வெட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்து, அப்படியிருந்தால் பிரபஞ்சம் நிலா வரைகூட எட்டாது என்று சொன்னதாக அவருடன் வேலை பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஏதோ ஒன்று இந்தப் பெருந்தொகையை அடித்துக் கழிக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், முழுசாகக் கழித்துச் சுழியமாக்கினால் புரிந்துகொள்ளலாம். ஐம்பது இலக்கத்துக்கு மேல் அடித்துவிட்டுக் கடைசியில் ஒரு அரிசி நொய்யை மட்டும் மிச்சம் வைத்தது எப்படி? ஸ்டீவன் வைன்பெர்க் 1987-இல் ஒரு பதில் சொன்னார்: இது ரொம்பப் பெரிதாக இருந்தால் விண்மீன் கூட்டங்களே உருவாகியிருக்காது, கேள்வி கேட்க நாமும் இருந்திருக்க மாட்டோம். சிலர் ஏற்கிறார்கள், சிலருக்கு இது பதில் மாதிரியே தெரியவில்லை.

டெசி அளந்தது

பிரபஞ்சம் பிறந்து சுமார் 3.8 லட்சம் ஆண்டுகள் வரை கொதிக்கும் பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் அணுக்கருக்களோடு ஒட்டாமல் தனியாகத் திரியும் வாயு. அதில் ஒலி அலைகள் ஓடின. பிளாஸ்மா ஆறியதும் அலைகள் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டன. அந்தத் தடம் இன்று சுமார் 49 கோடி ஒளியாண்டு நீளத்துக்கு விரிந்து, விண்மீன் கூட்டங்களின் பரவலில் இலேசாகப் பதிந்து கிடக்கிறது. எந்தக் காலத்திலும் வானத்தில் வைத்துப் பார்க்கக்கூடிய ஸ்கேல் இது. டெசியின் 5,000 ஒளியிழைகளும் ஆளுக்கொரு விண்மீன் கூட்டத்தைக் குறிவைத்து நிறமாலை எடுக்கின்றன. இப்படி கிட்டத்தட்ட 1.5 கோடி கூட்டங்களையும் குவாசர்களையும் (மிகப் பிரகாசமான விண்மீன் கூட்ட மையங்கள்) அளந்து, கடந்த 1,100 கோடி ஆண்டுகளில் விரிவு எப்படி நடந்தது என்று வரைந்திருக்கிறார்கள்.

டெசி தரவு தனியாக நின்றால் லாம்டாவோடு சண்டை இல்லை. அந்தப் பிளாஸ்மா ஆறியபோது கிளம்பிய ஆதி ஒளியைப் பற்றி பிளாங்க் போன்றவை தரும் தரவையும் சூப்பர்நோவாக்களையும் சேர்க்கும்போதுதான் விகிதம் −1-இல் நிற்காமல் நகர்வது போலத் தெரிகிறது: இன்று −0.8-ஐ ஒட்டி, முற்காலத்தில் −1-க்கும் கீழே. எந்த சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து இதன் வலு 2.8 சிக்மா முதல் 4.2 சிக்மா வரை. சிக்மா என்பது, வெறும் தற்செயலாக இப்படித் தெரிவதற்கான வாய்ப்பைச் சொல்லும் அளவு. 2.8 என்றால் சுமார் 200-இல் ஒன்று, 4.2 என்றால் சுமார் 37 ஆயிரத்தில் ஒன்று. இயற்பியலாளர்கள் கண்டுபிடிப்பு என்று ஒப்புக்கொள்வது 5 சிக்மாவில், அது 17 லட்சத்தில் ஒன்று.

மாறுகிறது என்றால்?

1. வெற்றிட ஆற்றல் மாற முடியாது. சிரிஞ்சு உதாரணத்தில் −1 வந்ததே 'நீட்டினாலும் அதே வெற்றிடம்' என்பதால்தான். விகிதம் −1 இல்லை என்று உறுதியானால் அடையாளம் தெரியாத நபர் வேறு ஆள், அநேகமாக மெல்ல உருண்டுகொண்டிருக்கும் ஏதோ ஒரு புதிய புலம்.

2. அப்போதும் வெற்றிடப் புதிர் தீராது. புதிய புலம் வந்ததால் பழைய ஊசல்கள் ஆடுவதை நிறுத்திவிடவில்லை. அவற்றின் பாரம் ஏன் தராசில் தெரியவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும், அதோடு புதிய புலம் எது என்ற கேள்வியும் சேரும்.

3. −1-க்குக் கீழே போனது என்பது இன்னும் சங்கடம். சாதாரணமான ஒற்றைப் புலத்தால் அந்தக் கோட்டைத் தாண்ட முடியாது. இதனாலேயே சந்தேகப்படுகிறவர்கள் உண்டு.

4. எதிர்காலம். லாம்டா நிலையாக இருந்தால் தொலைதூர விண்மீன் கூட்டங்கள் ஒவ்வொன்றாக எட்டாத தூரத்துக்குப் போய்விடும். இப்போதே சுமார் 1,600–1,700 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருப்பவற்றை, இன்று இங்கிருந்து கிளம்பும் ஒளி என்றைக்கும் தொடாது. கரும் ஆற்றல் வலுவிழந்தால் இந்தக் கணக்கு மாறும், ஆனால் பிரபஞ்சம் சுருங்கும் என்று டெசி எங்கேயும் சொல்லவில்லை.

சிக்மா எண்ணை ஆட்டுவிப்பது சூப்பர்நோவாக்கள். அதிலும் அருகிலுள்ளவை. அவை பல காலகட்டங்களில், பல தொலைநோக்கிகளில், பல வடிகட்டிகளில் எடுத்தவை. தொலைவிலுள்ளவற்றோடு ஒப்பிடும்போது பிரகாச அளவீட்டில் ஒரு சில சதவீதம் பிசகினாலே போதும், நிலையான லாம்டா நகரும் லாம்டாவாகத் தெரியும். சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட ரூபின் ஆய்வகம் பத்தாண்டுகளுக்கு வானத்தைத் திரும்பத் திரும்பப் படம் எடுக்கப் போகிறது. அருகிலுள்ள வெடிப்பும் தொலைவிலுள்ள வெடிப்பும் ஒரே கேமராவில் பதிவாகும்.